விமானம் ஏறும் முன்பே வழக்கைப் போடுங்கள்

விசுவமடுவிலிருந்து இந்த மாதமும் ஒருவர் சட்ட ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார். கட்டாரில் கட்டட வேலை. ஒரே சாரத்தில் நின்ற வேறு நாட்டுக்காரருக்கு ஓவர்டைம் ஒழுங்காகக் கிடைக்க, இவருக்கும் நம்மாட்களுக்கும் மட்டும் வெட்டு. கேட்டதும் ஊர் திரும்பக் கையில் ரிக்கெற். "கிளிநொச்சியிலை கேஸ் போடுவம் சேர்" என்கிறார்.

போட முடியாது. எத்தனை தரம்தான் சொல்வது? இங்கத்தைய நீதிமன்றத்தின் கட்டளை தோகாவில் இருக்கும் கம்பனியைக் கட்டுப்படுத்தாது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடலாம். அது உள்ளூர் ஏஜென்சியைக் கூப்பிட்டு விசாரிக்கும், கட்டாரிலுள்ள நம் தூதரகத்துக்கு எழுதும். கட்டார் முதலாளியின் பெட்டியைத் திறக்க அதற்கும் அதிகாரமில்லை. வழக்கின் இடம் கட்டார். முதலில் தொழில் அமைச்சு, அங்கே சமரசம் வராவிட்டால் தொழில் தகராறு தீர்க்கும் குழு. தொழிலாளியிடம் வழக்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஒப்பந்தம் முடிந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். அந்த வருடத்தைக் கடன்காரருக்கு மறுமொழி சொல்லியே கழித்துவிட்டுத்தான் பலர் என்னிடம் வருகிறார்கள்.

"பாக்கி ஒண்டும் இல்லை எண்ட செற்றில்மென்ற் தாளிலை சைன் வைச்சிட்டன்" என்று அழுகிறவர்களுக்கு: சட்டம் தந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் இணக்கம் கட்டார் தொழிற் சட்டப்படி செல்லாது. ஆனால் அதைச் சொல்லி வாதாட அங்கே ஆள் வேண்டுமே!

நாட்டைப் பார்த்துச் சம்பளம் போடுவது பற்றியும் ஒன்று. 2021 மார்ச் முதல் அடிப்படைச் சம்பளம் ஆகக்குறைந்தது 1000 ரியால்; எந்த நாட்டவருக்கும், வீட்டு வேலைக்குப் போன நம் பெண்களுக்கும் அதுதான். அதற்கு மேலே உள்ள வித்தியாசத்தைப் பாகுபாடு என்று நிறுவுவது கடினம். ஒப்பந்த மீறல், ஓவர்டைம் பாக்கி என்று கொண்டுபோவதே என் அனுபவத்தில் நிற்கும்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஒப்பந்தத்தைப் படமெடுத்து வீட்டாருக்கு அனுப்புங்கள். சம்பளச் சீட்டையும் வரவு இடாப்பையும் மாதாமாதம் அனுப்புங்கள். கம்பனி சிம்மில் வட்ஸ்அப் வைத்திருக்காதீர்கள். சிம்மைத் திருப்பிக் கொடுக்கிற அன்றே சாட்சியும் போய்விடும். வாசிக்கத் தெரியாத அரபுத் தாளில் தயவுசெய்து கையெழுத்து வைக்காதீர்கள். ரிக்கெற் தந்தால் அமைச்சுக்குப் போய் முறைப்பாட்டைப் பதிந்து, நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக வழக்கை நடத்த அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்துவிட்டு ஏறுங்கள்.

வந்துவிட்டீர்களா, வருடம் இன்னும் முடியவில்லையா? அற்றோணித் தத்துவத்தை இங்கிருந்தும் அனுப்பலாம். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி வாங்க வேண்டும்; யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் உண்டு. பிறகு கொழும்பிலுள்ள கட்டார் தூதரகம். திருவிழா முடியட்டும் என்று இருக்காமல் இந்தக் கிழமையே தாள்களோடு வாருங்கள்.