இரண்டு முறை ஆவியில் வேகும் சோறு

சீனப் புத்தாண்டையொட்டி ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பாபாவ் ஃபான் செய்ய அரிசியை ஆவியில் வேகவைத்து, சர்க்கரை கலந்து, திரும்பவும் ஆவியில் வைக்கச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வைத்தால் ஆகாதா?"

ஆகாது. ஷாங்காய், நிங்போ பக்கத்தில் புத்தாண்டு விருந்துக்குச் செய்யும் இனிப்புச் சோறு இது. பசையரிசியை இரவு முழுக்க ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி வேகவைக்கிறார்கள். சூட்டோடு பன்றிக்கொழுப்பும் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். கிண்ணத்தின் அடியில் சீன இலந்தை, தாமரை விதை, அதன்மேல் சோறு, நடுவில் சிவப்புப் பயறு விழுது, மறுபடி சோறு. அப்புறம் இரண்டாவது ஆவி. கவிழ்த்துப் பாகு ஊற்றினால் முடிந்தது.

சர்க்கரை ஏன் பிறகு? அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மாவுச்சத்து குழையத் தேவையான வெப்பமும் கூடிவிடும். வெல்லத்தை முதலிலேயே போட்டால் அரிசி வேகாது என்பது பொங்கல் வைப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதானே.

எனக்குப் பிடித்த இடம் இரண்டாவது ஆவி. மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு: பெரும்பாலும் நேராக நீளும் அமைலோஸ், கிளை கிளையாகப் பிரியும் அமைலோபெக்டின். பசையரிசியில் அமைலோஸ் கிட்டத்தட்ட கிடையாது. அதை உண்டாக்கும் மரபணு பழுதாகிப்போன நெல் அது. வெந்த சோறு ஆறும்போது மூலக்கூறுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நின்று படிகமாகின்றன, சோறு விறைக்கிறது. நீண்ட அமைலோஸ் இழைகள் சேர்ந்து கட்டும் படிகம் 100 பாகை நீராவிக்கெல்லாம் மசியாது. அமைலோபெக்டினின் கிளை நுனிகளோ குட்டையானவை. அவை கட்டும் படிகமும் பலவீனமானது, 60 பாகையை ஒட்டியே உருகிவிடும். அதனால்தான் முன்கூட்டியே செய்து வைத்த பாபாவ் ஃபான், கல்லாக இறுகியிருந்தாலும் ஆவி பட்டதும் புதிதாக வெந்ததுபோல் குழைகிறது.

இதே அமைலோபெக்டினை நம்பி சீனாவை மிங் அரசர்கள் ஆண்ட காலத்தில் பசையரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்து மதில்கள் கட்டினார்கள். ஜெஜியாங் பல்கலைக்கழகத்தார் அந்தச் சாந்தை ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள்: சுண்ணாம்புப் படிகங்கள் பெரிதாக வளரவிடாமல் அமைலோபெக்டின் தடுப்பதால் சாந்து இறுகி நிற்கிறதாம். கஞ்சியை ஆராயப் பணமா என்று முகம் சுளிப்பவர்களிடம் நிதிக் குழுக்களை ஒப்படைக்கக் கூடாது என்பது என் கட்சி.

"பசையரிசி வயிற்றில் ஒட்டிக்கொள்ளும்" என்பதும் கதைதான். அமைலோபெக்டின் சீக்கிரமே சர்க்கரையாக உடைந்துவிடும். நீரிழிவுக்காரர்கள் கவலைப்பட வேண்டியது அந்த வேகத்தைப் பற்றி.

வாசகிக்கு ஒரு யோசனை: மிச்சத்தைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 4 பாகை வாக்கில்தான் படிகம் விறுவிறுவென்று வளரும். நாலு நாள் தாங்க வேண்டுமென்றால் நேராக உறைபெட்டிக்கு அனுப்புங்கள். எடுத்ததும் கிண்ணத்தோடு ஆவியில் ஏற்றலாம். நடுவிலிருக்கும் விழுது சூடாகும்வரை இறக்காதீர்கள்.