பிள்ளைக்காம்பரா யார் பொறுப்பு? தோட்டத்துத் தாய்மார் கேட்டுப் பெறக்கூடியவை

தாய்மார் வேலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். அது யாருடைய பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கம்பனி என்பார், ஒருவர் ட்ரஸ்ட் என்பார், இன்னொருவர் கவர்மென்ட் என்பார். மூவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதனால்தான் கூரை ஒழுகினால் யாரிடம் போவதென்று தெரியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க வாளி வைத்தே சமாளிக்கிறார்கள்.

கொழுந்து எடுக்கப் போகும் தாய்மாருக்கும், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாமார், தாத்தாமாருக்கும், தங்கள் டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் பொறுப்பைப் பிரித்துப் பார்ப்போம். தோட்டக் காணி அரசாங்கத்துடையது. பெரும்பாலும் ஜனவசம என்ற அரச தோட்டச் சபை அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் பெயரில் இருக்கும். 1992இல் நிர்வாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது. அவர்களின் குத்தகை 2045 வரை ஓடுகிறது. ஆக, காம்பராக் கட்டடத்தில் கை வைப்பதென்றாலும் அதன் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் கேட்பதென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் நடக்காது. அதே 1992இல்தான் ட்ரஸ்டும் வந்தது. அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த அமைப்பு அது. வீடமைப்பு, சமூக நலன் என்று தொடங்கி, 2002இல் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று பெயர் மாறியது. பிள்ளைகளைப் பார்க்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தருக்குப் பயிற்சி, காம்பரா எப்படி இருக்க வேண்டும் என்ற தரம் எல்லாம் ட்ரஸ்ட் பக்கம். ஊசி, நிறை பார்ப்பது, திரிபோஷ என்ற சத்துமா ஆகியவை சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் மிட்வைப் மிஸ்ஸும் (குடும்பநல மருத்துவிச்சி) பார்ப்பவை. முன்பள்ளி என்று வந்தால் அது மாகாண சபைக்குரிய விடயம். நாடு முழுதுக்குமான கொள்கையைப் பார்ப்பது சிறுவர் செயலகம். உலக வங்கியின் 50 மில்லியன் டொலர் கடனுடன் 2015இல் தொடங்கிய ஆரம்பப் பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டத்தில் தோட்டத்துக் காம்பராக்களுக்கும் பங்கு இருந்தது. புதிதாகக் கட்டியதும் திருத்தியதுமாகச் சில இடங்களில் நீங்கள் பார்க்கும் நல்ல நிலையங்களில் பல அந்த வழியில் வந்தவை.

பால் கொடுக்கப் போகும் நேரம்

இது யாருடைய நல்ல மனசையும் பொறுத்ததல்ல, சட்டம். 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் தோட்டத் தொழிலாளிக்குப் பொருந்தும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை, 9 மணி நேர வேலைக்குள் இரண்டு தடவை பால் கொடுக்க விட வேண்டும். வேலைத்தளத்தில் பிள்ளைக்காம்பராவோ வேறு தகுந்த இடமோ இருந்தால் ஒவ்வொரு தடவையும் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் 1 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. சாப்பாட்டு நேரம், ஓய்வு நேரம் வேறு, இது வேறு. ஒன்றில் மற்றதைக் கழிக்க முடியாது.

சரி, மலையில் இது எப்படி நடக்கிறது? காம்பரா, வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அன்றைக்குக் கொழுந்து எடுப்பது உச்சி மலையில். கூடையை இறக்கி வைத்து, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து, செங்குத்தான குறுக்குப் பாதையில் இறங்கி, கை கழுவி, பிள்ளையை மடியில் வைக்கும்போதே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். பிள்ளை அரைவயிறு குடிப்பதற்குள் ஏற வேண்டும். சட்டத்தில் இருக்கும் 30 நிமிடம் உச்ச அளவல்ல, குறைந்தபட்சம். தூரம் கூடினால் நேரத்தைக் கூட்டிக் கேட்க அந்த வாசகமே இடம் தருகிறது. கைக்குழந்தைக்காரிகளை அந்த ஒரு வருடமும் காம்பராவுக்குக் கிட்டிய மலையில் போடும்படி கேட்பது இன்னும் லேசான வழி. சில கங்காணிமார் தாங்களாகவே அப்படிச் செய்வதுண்டு. ஆள் மாறினால் வழக்கமும் மாறிவிடும் என்பதால், தோட்டத்துச் சங்கத் தலைவர் மூலம் இதை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது.

இதில் எனக்குப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. சட்டம் நேரத்தைத் தருகிறது, தராசு அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பால் கொடுக்கப் போன நேரத்தில் குறைந்த கொழுந்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை. மாலையில் நிறுக்கும்போது சொன்ன கிலோ இல்லாவிட்டால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான். அதற்குப் பயந்தே இரண்டாவது தடவை இறங்காமல் விடும் தாய்மார் உண்டு. பாலூட்டும் தாய்க்குக் கிலோவைக் குறைத்துக் கணக்கிட வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் பேச்சுவார்த்தையில் கேட்க வேண்டும். மாதாமாதம் சந்தா கட்டுபவர்கள் இதைக் கேட்கச் சொல்லிக் கேட்கலாம்.

பிரசவ விடுமுறை 84 நாள். பிரசவத்துக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம். மூன்றாவது பிள்ளையிலிருந்து பாதிதான் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2018இல் வந்த திருத்தத்தின்படி எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள்தான். ஒன்று யோசித்துப் பாருங்கள்: தாய் வேலைக்குத் திரும்பும்போது பிள்ளைக்குப் பத்து வாரம்தான் ஆகியிருக்கும், கழுத்துக்கூட முழுசாக நிற்காது. அந்த வயதுப் பிள்ளைக்கான தொட்டில், சுத்தமான தண்ணீர், பால் பீய்ச்சி வைத்தால் பாதுகாக்க ஓர் இடம், பெரிய பிள்ளைகள் ஓடி மிதிக்காத ஒரு மூலை, இவை காம்பராவில் இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள்.

நிறையும் சாப்பாடும்

2016இல் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுக்க 17 சதவீதம். தோட்டத்தில் 32 சதவீதம். இதற்குக் காம்பராவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை பகல் முழுக்க இருக்கும் இடம் அதுதான். நிறை பார்க்கும் நாளில் சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைக் கொடுத்துவிடுங்கள். வளர்ச்சிக் கோடு கீழே சாய்ந்தால் மிட்வைப் மிஸ்ஸிடம் காரணம் கேளுங்கள். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் கிளினிக்கில் திரிபோஷ உண்டு. முன்பள்ளிகளுக்கான காலை உணவுக்கு ஒரு பிள்ளைக்கு 60 ரூபாயாக இருந்த ஒதுக்கீட்டை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 100 ஆக உயர்த்தினார்கள். அது பதிவுள்ள, தெரிவு செய்யப்பட்ட முன்பள்ளிகளுக்கு வருவது. உங்கள் இடத்து முன்பள்ளி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பிரதேச செயலகத்தில் இருக்கும் முன்பிள்ளைப் பருவ உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள்.

வெளியில் ஓட இடம்

சுற்றிலும் பச்சைதான், ஆனால் பிள்ளை ஓட இடமில்லை. லயக் காம்பராவோ பத்துக்குப் பன்னிரண்டு அடி. வாசலை விட்டு இறங்கினால் கான், கானுக்கு அப்பால் தேயிலை, தேயிலைக்குக் கீழே ரோட்டு. தட்டையான நிலம் என்று இருப்பது, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களமும் கோயில் முற்றமும்தான். ஆகவே பிள்ளைக்காம்பராவை ஒட்டி ஒரு சின்னத் திடல் கேட்பது ஆடம்பரமில்லை.

இடத்தைத் தெரிவு செய்யும்போது மேட்டைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் நடந்த மண் சரிவை மறந்தவர் யாருமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகம் முழுக்க மண்ணைச் சரித்தது. மண் சரிவு அபாயத்தைப் பார்த்துச் சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்களின் அபிப்பிராயத்தைப் பிரதேச செயலகம் வழியாகக் கேட்டு வாங்கிய பிறகு மண்வெட்டியைத் தூக்கலாம். மண்ணை வெட்டித் தட்டையாக்குவதுதான் பல இடங்களில் சரிவுக்கே காரணம். எனவே பெரிய திடல் வேண்டாம். இருக்கும் சரிவிலேயே படி, சறுக்கு, மண்மேடு என்று அமைத்தால் பிள்ளைகளுக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

அப்புறம் குளவி. திடலைச் சுற்றி உயரமான மரங்களில் கூடு இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவையாவது பார்க்க ஓர் ஆளை வையுங்கள். மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே காம்பராவுக்குச் சொல்ல வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். புல்லுக்கு அடித்த மருந்தின் ஈரத்தில் பிள்ளைகள் தவழக் கூடாது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை, பிரட்டில் ஒரு வார்த்தை போதும்.

மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் ஜூன் வந்தால் மாதக்கணக்கில் வெளியே விட முடியாது. பதுளைப் பக்கம் ஆண்டுக் கடைசியில் அதே கதை. சுவர் இல்லாமல் தகரம் மட்டும் போட்ட ஒரு மடுவம் இருந்தால் மழையிலும் பிள்ளை வெளிக்காற்றில் விளையாடும். மற்ற சாமான்களுக்குக் காசு தேட வேண்டியதில்லை. பழைய லொறி டயர், மூங்கில், மரக்கட்டை, ஒரு குவியல் மணல் போதும். ஓரத்தில் போஞ்சியும் கீரையும் போட்டால் அதைப் பார்த்துக்கொள்ள வேலை ஓய்ந்த ஆயாமார் தாங்களாகவே வருவார்கள். வந்தவர்கள் கிட்டிப்புள்ளும் பாண்டியும் சொல்லிக் கொடுப்பார்கள். அவர்களுக்கும் லயத்துக்குள் அடைந்து கிடப்பதிலிருந்து ஒரு விடுதலை.

யாருக்கு எழுதுவது

முதலில் பெற்றோர் கமிட்டி ஒன்று வேண்டும். அதில் காம்பரா உத்தியோகத்தர் இருக்கட்டும், சங்க வேறுபாடு பார்க்காமல் தலைவர்மாரும் இருக்கட்டும். ஒரு சங்கத்தின் வேலையாகத் தெரிந்தால் மற்றச் சங்கத்துக்காரர் பிள்ளையைக்கூட அனுப்ப மாட்டார்கள், அது நம் ஊர் நோய். முதல் கடிதம் தோட்ட முகாமையாளருக்கு. பிரதி ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளை என்று உங்களுக்குரிய ட்ரஸ்ட் பிராந்திய அலுவலகத்துக்கு. ஒரு கடிதத்தில் ஒரு விடயம் மட்டும் எழுதுங்கள். “எங்கள் டிவிஷன் காம்பராவில் இத்தனை பிள்ளைகள், அதில் ஒரு வயதுக்குட்பட்டவர்கள் இத்தனை பேர். மலசலகூடத்துக்குக் கதவு இல்லை. எப்போது போட்டுத் தருவீர்கள்?” இப்படி எழுதினால் பதில் சொல்லாமல் தப்புவது கஷ்டம்.

பாதை, தண்ணீர், திடல் போன்றவற்றுக்குப் பிரதேச சபைக்கும் போகலாம். முன்பெல்லாம் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டத்தைக் காட்டி, தோட்டத்துக்குள் எங்களால் செலவு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்புவார்கள். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி வழி விட்டார்கள். பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் அதே ஆண்டுச் சட்டத்தில் வந்ததுதான். இந்த வருடம் எங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று சபையிடம் கேட்க 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுத்து, கையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் தருகிறோம் அல்லது முடியாது என்று முடிவு சொல்ல வேண்டும். பால் கொடுக்கும் நேரமோ பிரசவக் காசோ மறுக்கப்பட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம்.

கணக்கில் வராதவர்கள்

தேயிலைத் துண்டைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் வெளியார் உற்பத்தி முறை பரவி வருகிறது. அதில் இருக்கும் தாய் தொழிலாளியா, இல்லையா? தொழிலாளி இல்லை என்றால் மேலே சொன்ன பிரசவ விடுமுறையும் பால் நேரமும் யாரிடமிருந்து? அப்படி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் இதைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். காய்கறித் தோட்டத்துக்கும் கடைக்கும் கார்மென்ட்ஸுக்கும் போகும் தாய்மாரின் பிள்ளைகளைச் சில காம்பராக்கள் சேர்க்கும், சில சேர்க்காது. நிர்வாகத்திடம் கேட்பதைத் தவிர வழியில்லை.

சேர்க்காத இடத்தில் கோயில் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ ஊராகச் சேர்ந்து நடத்துபவர்களும் உண்டு. அப்படித் தொடங்குவதென்றால் கிராம உத்தியோகத்தருக்கும் மிட்வைப் மிஸ்ஸுக்கும் முதலிலேயே தெரியப்படுத்துங்கள். முன்பள்ளிப் பாடமும் நடத்துவதாக இருந்தால் மாகாணத்தில் பதிவு செய்யுங்கள். எந்த நேரமும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். பிள்ளையைக் கூட்டிப் போக யார் வருவார் என்பதைப் பெயரோடு புத்தகத்தில் எழுதுங்கள், வேறு ஆள் வந்தால் மாமாவானாலும் தாயிடம் கேட்காமல் அனுப்பாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைக் கதவில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வையுங்கள்.