சூட்டு லைன் காய்ந்துதான் இருக்கும் என்று யார் சொன்னது?

மறுபடியும் ஒன்று: வெப்பக் காப்பு உறைக்கு அடியில் அரித்த குழாய். திருகோணமலையில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். உலை எண்ணெய் சூடாக ஓடும் குழாய். மேலே சுற்றியிருந்த அலுமினியத் தகடு நேற்றுப் போட்டது மாதிரிப் பளபளத்தது. லைனை நிறுத்தி, தாழ்வான ஒரு வளைவில் தகட்டைக் கழற்றினோம். உள்ளே சூடு காக்கச் சுற்றிய ரொக்வூல் என்ற பஞ்சு ஊறிக் கனத்துக் கிடந்தது. குழாயின் அடிப்பக்கம் கறள் படைபடையாகக் கையோடு வந்தது. பராமரிப்புப் பொறுப்பாளர் வாயிலிருந்து வந்தது, நான் கேட்டுக் கேட்டுச் சலித்த வசனம்: "சேர், இது சூட்டு லைன். தண்ணி காஞ்சிடுமே!"

காயாது ஐயா, காயாது. வெறும் குழாய் என்றால் காயும், சரி. தகட்டுக்குள் புகுந்த தண்ணீர் எந்த வழியால் போகும்? குழாயில் பட்டு ஆவியாகும், வெளித்தகட்டில் பட்டுக் குளிர்ந்து மறுபடி நீராகும், பஞ்சு வழியாகத் திரும்பி வரும். சூடான பானையைச் சுற்றி ஈரச்சாக்கைக் கட்டி, அதன்மேல் பொலித்தீன் சுற்றிய கதை. திறந்த நீரில் கறள் பிடிக்கும் வேகம் ஏறத்தாழ 80 பாகைக்கு மேல் இறங்கத் தொடங்கும், ஏனென்றால் ஒட்சிசன் நீரை விட்டு வெளியேறிவிடும். உறைக்குள் அடைபட்ட ஈரத்தில் ஒட்சிசன் அப்படித் தப்பிப் போவதில்லை. ஓர் எல்லை வரை சூடு ஏற ஏற அரிப்பும் ஏறும். ஒவ்வொரு தடவை ஆவியாகும்போதும் உப்பு அங்கேயே தங்கிவிடும். நம் ஊர்க் கடற்காற்றில் உப்புக்கா பஞ்சம்?

அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் 583ஆம் இலக்கப் பரிந்துரை, சாதாரண உருக்குக்கு −12 முதல் 177 பாகை செல்சியஸ் வரை ஆபத்து என்கிறது. உங்கள் ஆலையில் இதற்குள் வராத லைன் எத்தனை இருக்கிறது? 177க்கு மேல் விடாமல் ஓடுவது பெரும்பாலும் தப்பும். ஆனால் 'விடாமல்' ஓட வேண்டும். பராமரிப்புக்கென்று நிறுத்திப் போட்ட நாட்களில் அதுவும் ஈரக்குழாய்தான்.

ஐஸ் தொழிற்சாலைக்காரர்கள் இது தங்களுக்கில்லை என்று நினைக்கிறார்கள். குளிரூட்டும் அமோனியா ஓடி உறைந்தே கிடக்கும் லைனில் அரிப்பு மந்தம், உண்மை. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து, படகு இறங்காமல், ஐஸ் விலைபோகாமல் ஆலை நின்றதும் அந்த லைன் வெதுவெதுப்பாகிறது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நம் ஊரில் மழையும் அப்போதுதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் வேறென்ன வேண்டும்.

எங்கே அரிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார்கள். ஓரளவு முடியும். தண்ணீர் எங்கே நுழையும், எங்கே தேங்கும், அங்கே எத்தனை பாகை, அடிப்பூச்சுக்கு என்ன வயது என்ற நான்கையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் திறக்க வேண்டிய இடங்களின் வரிசை கிடைத்துவிடும். தாங்குகால்கள், வால்வுகள், தகட்டைத் துளைத்து வெளியே வரும் கிளைக்குழாய்கள், ஓட்டமில்லாத முட்டுக்கிளைகள், நிலைக்குத்துக் குழாய் கீழே முடியும் இடம், சேமிப்புத் தாங்கியைச் சுற்றியுள்ள வளையங்கள், தாங்கிச்சுவர் அத்திவாரத்தைத் தொடும் விளிம்பு. இதற்கென்று இருக்கும் மென்பொருளும் இதைத்தான் கணக்குப் போடுகிறது. வரைபடத்தில் 180 பாகை என்று எழுதியிருக்கும், லைன் மாதத்தில் பாதி நாள் சும்மா கிடக்கும். அந்த 180ஐ அப்படியே கொடுத்தால் மென்பொருள் 'பயமில்லை' என்றுதான் சொல்லும். ஓட்டுகிறவரிடம் கேட்டு எழுதுங்கள்.

வெப்பக் கமராவை வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளபளப்பான அலுமினியம் குழாயின் சூட்டைக் காட்டாது, சுற்றியிருப்பதைத்தான் திருப்பிக் காட்டும். துடிப்புச் சுழல்மின்னோட்டக் கருவி தகட்டுக்கு மேலிருந்தே சராசரித் தடிப்பைச் சொல்லும், சின்னக் குழிகளைத் தவறவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னொரு வகைத் தொல்லை: 60 பாகைக்கு மேல் உப்பீரம் பட்டால் தடிப்புக் குறையாமலே வெடிப்பு விழும், தடிப்புமானி எல்லாம் சரி என்றே காட்டும். இதில் எனக்கு எரிச்சலூட்டுவது, தடிப்புப் பார்க்கவென்று தகட்டில் வட்டம் வெட்டி, பார்த்து முடிந்ததும் மூடியைத் தொலைத்துவிட்டுப் போவது. அடுத்த மழைக்கு வாசலைத் திறந்துவைத்ததே பரிசோதகர்தான்.

தயவுசெய்து குழாய்மேல் ஏறி நடக்காதீர்கள், மிதித்த இடத்தில் மூட்டு வாய் பிளக்கும். மூட்டுகளின் மேல்மடிப்பு கீழ்நோக்கி இருக்கட்டும். மூட்டுகளை அடைக்கும் சிலிக்கோனை செப்டெம்பருக்குள் புதுப்பியுங்கள். நனைந்த ரொக்வூலை வெயிலில் காயவைத்துத் திரும்பச் சுற்றாதீர்கள், அதிலுள்ள உப்பு போகாது. புது உறை போட முன் அடிப்பூச்சைப் பாருங்கள், அந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

தகட்டைத் திறந்து தடித்த கறளைக் கண்டால், லைன் ஓடிக்கொண்டிருக்கும்போது சுத்தியலால் தட்டாதீர்கள், சுரண்டவும் வேண்டாம். சில வேளை உள்ளே இருப்பதைப் பிடித்துவைத்திருப்பதே அந்தக் கறள்தான். ஆட்களை விலக்கி, அழுத்தத்தை இறக்கி, லைனை வெறுமையாக்கிவிட்டுப் பிறகு கை வையுங்கள்.