உடம்பை அசைத்தால் மனச்சோர்வு ஏன் இளகுகிறது?

ஒருவருக்கு மனச்சோர்வு வந்திருப்பது அழுகையை வைத்துத்தான் தெரியும் என்றில்லை. குளிக்காமல் இரண்டு மூன்று நாள் ஓடியிருக்கும். தலை சிக்குப் பிடித்திருக்கும். தட்டில் வைத்த தோசை ஆறி விறைத்துப்போய் அப்படியே இருக்கும். "எழுந்து ஒரு குளியல் போட்டா எல்லாம் சரியாயிடும், சோம்பேறித்தனம்" என்பார்கள் வீட்டில். எழுந்தால் நல்லது என்பது படுத்திருப்பவருக்கும் தெரியும். தெரிந்தும் எழ முடியவில்லை என்பதுதான் இந்த நோயின் கொடுமை. அந்த முடியாமை எப்படி வருகிறது என்று புரிந்தால், எழுவதற்கான வழியும் கொஞ்சம் பிடிபடும்.

குளியலையே எடுத்துக்கொள்வோம். நன்றாக இருக்கும்போது அது ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால், எழுந்து உட்கார வேண்டும், காலைத் தரையில் ஊன்ற வேண்டும், துண்டு தேட வேண்டும், மாற்றுத்துணி எடுக்க வேண்டும், வெந்நீர் போட வேண்டும், சோப்புத் தேய்க்க வேண்டும், தலை துவட்ட வேண்டும், ஈரத்துணியைக் காயப்போட வேண்டும். சாதாரண நாளில் இவையெல்லாம் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு யோசனையில்லாமல் நடந்துவிடும். மனச்சோர்வில் ஒவ்வொரு படியும் தனி மலையாக நிற்கிறது. முதல் படியிலேயே 'எதற்கு இதெல்லாம்' என்று மூளை கையை விரித்துவிடுகிறது.

இந்தக் கையை விரிப்பதை ஆய்வகத்தில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ட்ரெட்வே, டேவிட் ஸால்ட் குழுவினர் 2009இல் ஒரு சின்ன ஆட்டத்தை உருவாக்கினார்கள். அதில் இரண்டு வேலைகள். சுலபமானது, பழகிய கையின் ஆள்காட்டி விரலால் 7 நொடிக்குள் 30 முறை பொத்தானை அழுத்துவது. ஜெயித்தால் 1 டாலர். கடினமானது, பழக்கமில்லாத கையின் சுண்டுவிரலால் 21 நொடிக்குள் 100 முறை அழுத்துவது. ஜெயித்தால் 4 டாலருக்கு மேல்கூடக் கிடைக்கலாம். எதைச் செய்வது என்பது ஆடுபவர் விருப்பம். மனச்சோர்வு உள்ளவர்களை இதே ஆட்டத்தை ஆடவிட்டு 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட இவர்கள் கடினமான வேலையைக் குறைவாகவே தேர்ந்தெடுத்தார்கள். பரிசு எவ்வளவு, கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லியும் அது அவர்கள் முடிவை அவ்வளவாக மாற்றவில்லை.

மூளையில் சுரக்கும் டோபமைனை மகிழ்ச்சி தரும் ரசாயனம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பலனுக்காக இவ்வளவு மெனக்கெடலாமா என்று மூளை போடும் கணக்கில்தான் அதற்குப் பெரிய பங்கு. மனச்சோர்வில் இந்தக் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்கிறது. உழைப்பு பெரிதாகத் தெரிகிறது, பலன் ஒன்றுமில்லாததாகத் தெரிகிறது. அதனால் செய்வது குறைகிறது. செய்வது குறைந்தால் மனதுக்குக் கிடைக்கும் சின்னச் சின்ன நிறைவுகளும் குறைகின்றன. அது சோர்வை இன்னும் கூட்டுகிறது.

இந்தச் சுழலை 1970களிலேயே அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பீட்டர் லெவின்சன் விவரித்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான், செயலை முதலில் தூண்டிவிடும் சிகிச்சை முறை. அதன் அடிப்படை எளிது: ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றை நேரம் குறித்துச் செய்வது; செய்தபின் மனம் எப்படி இருந்தது என்று குறித்து வைப்பது. 1996இல் நீல் ஜேக்கப்சனின் குழு, சிந்தனை முறையையும் சேர்த்து மாற்ற முயலும் முழு சிகிச்சையோடு இதைத் தனியாக ஒப்பிட்டது. பலனில் இது பின்தங்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று கோவாவில் இருக்கிறது. அங்கே மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் என்ற தொண்டு அமைப்பும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. சிகிச்சை கொடுத்தவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை. மனநலத் துறையில் முன் அனுபவம் இல்லாமல், இதற்கென்று பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். வந்தவர்களுக்கோ லேசான சோர்வு இல்லை. மனச்சோர்வு ஓரளவு கடுமையாகவே இருந்தவர்கள். ஆறிலிருந்து எட்டு முறை சந்தித்து, அன்றாடம் செய்யக்கூடிய வேலைகளைச் சேர்ந்து திட்டமிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், இந்த உதவி பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 39 சதவீதம். பெரிய மருத்துவமனை எட்டாத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று எனக்கு இன்னமும் வியப்பாக இருக்கிறது.

சரி, எந்தச் செயலை முதலில் எடுப்பது? என்னைக் கேட்டால் காலை வெளிச்சம். நம் மூளையில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு உடம்பின் கடிகாரமாக வேலை செய்கிறது. தூக்கம், உடல் சூடு, கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் சுரப்பு எல்லாம் அதன் தாளத்தில் ஓடுகின்றன. விழித்திரையில் இருக்கும் ஒருவகை நரம்பணுக்கள் தாமாகவே வெளிச்சத்தை உணர்ந்து இந்தக் கடிகாரத்துக்குச் செய்தி அனுப்புகின்றன; இது 2002இல்தான் உறுதியானது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விளக்கெரியும் வீட்டு அறையில் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். வெளியே மேகமூட்டமான பகலில்கூட அது ஆயிரக்கணக்கில் இருக்கும். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்ட அறையில் நாள் முழுக்கப் படுத்திருப்பவரின் கடிகாரத்துக்கு விடிந்ததே தெரியாது. இரவு தூக்கம் சிதறும், பகலில் உடம்பு கனக்கும். வாசல்படியிலோ மொட்டை மாடியிலோ காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். எப்போது தூங்குவது என்று கவலைப்படாமல், எழும் நேரத்தை மட்டும் தினமும் ஒன்றாக வைத்துக்கொள்வது இதற்குக் கைகொடுக்கும்.

அப்புறம் நடை. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு இருந்த 156 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி செய்தது, இன்னொன்று செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை எடுத்தது, மூன்றாவது இரண்டையும் செய்தது. மாத்திரை ஆரம்பத்தில் சீக்கிரம் வேலை செய்தது. 16 வாரம் முடிந்தபோது மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தன. இதைப் படித்துவிட்டு மாத்திரையை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது, அது ஆபத்து. நடை ஏன் உதவுகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. நரம்பணுக்கள் வளரத் துணைசெய்யும் பி.டி.என்.எஃப் என்ற புரதம் உடற்பயிற்சியில் கூடுகிறது, ஆழ்ந்த தூக்கம் கூடுகிறது, வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டதாலேயே நாலு முகம் கண்ணில் படுகிறது.

சாப்பாட்டில் பசியை நம்பவேண்டாம், இந்த நோயில் அது சரியாகச் சொல்லாது. கஞ்சியோ, வாழைப்பழமோ, தயிர்சாதமோ, நேரத்துக்கு ஏதோ ஒன்று உள்ளே போனால் போதும். கல்லீரல் போன்ற உறுப்புகளின் கடிகாரம் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது.

குளியல் காலையில்தான் என்ற கட்டாயமும் இல்லை. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால், கைகால் தோலுக்கு ரத்தம் ஓடி, உடம்பின் உள்சூடு வெளியேறி, தூக்கம் சீக்கிரம் வரும். அதுவும் முடியாத நாளில் முகம் கழுவிச் சட்டை மாற்றினாலும் கணக்கில் சேரும். வீட்டில் இருப்பவர்கள் "போய்க் குளி" என்று பத்து முறை சொல்வதைவிட, வெந்நீரைப் போட்டுத் துண்டையும் மாற்றுத்துணியையும் எடுத்து வைத்துவிட்டால் மூன்று படி குறைந்துவிடும். "நட, நட" என்று விரட்டுவதைவிட "வாம்மா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்புவது நல்லது.

இரண்டு வாரத்துக்கு மேல் இந்த நிலை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே மாதிரி ஆளைச் சாய்க்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சாப்பாடு அறவே இறங்காவிட்டாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. இந்தியாவில் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலங்கையில் மனநல உதவி எண் 1926. இரண்டிலும் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். பேசத் தெம்பில்லாவிட்டால், பக்கத்தில் இருப்பவரை எண்ணை அழுத்தித் தரச் சொல்லுங்கள்.