மூக்கில் போட்ட ஊசி கண்ணைப் பறிப்பது எப்படி?

"மூக்கை எடுப்பாக்கப் போடும் ஊசியால் பார்வை போகும் என்கிறார்களே, தோலுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போவது உண்மை. மிக அரிது, ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை.

அழகுக்காகப் போடும் ஊசிகளில் இரண்டு வகை பிரபலம். ஒன்று போடாக்ஸ் போன்ற பாட்டுலினம் நச்சு. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் நரம்பு முனையிலிருந்து வெளியேற உதவும் ஸ்னாப்-25 என்ற புரதத்தை இது வெட்டிவிடும். தசைக்குக் கட்டளை போகாது, சுருக்கமும் விழாது. பலன் சில நாட்களில் தொடங்கி 3, 4 மாதங்களில் மங்கும். புருவ நடுவுக்கு போடாக்ஸின் வழக்கமான அளவு 5 இடங்களில் 4 அலகு வீதம் 20 அலகு. ஒரு தயாரிப்பின் அலகு இன்னொன்றின் அலகுக்குச் சமமல்ல. இதை மறப்பவர்கள் அளவில் தவறுகிறார்கள். மருந்து கீழே பரவி இமையைத் தூக்கும் தசையை எட்டினால் இமை சரியும். சில வாரங்களில் தானாகவே சரியாகும்; அதுவரை அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்து இமையை 1 முதல் 2 மி.மீ. உயர்த்தித் தரும். மயஸ்தீனியா போன்ற நரம்பு–தசை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து. ஆனால் பார்வையைப் பறிப்பதாகச் சொல்லப்படுவது இது அல்ல.

அது இரண்டாவது வகையான ஃபில்லர்: பள்ளத்தை நிரப்பும் கெட்டியான ஜெல். பெரும்பாலும் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்கிய ஹயலூரானிக் அமிலம்.

இதயத்திலிருந்து கழுத்து வழியாக மூளைக்குப் போகும் உட்தமனியிலிருந்து கண் தமனி பிரிகிறது. கண்குழிக்குள் அது விழித்திரைக்கு ஒரு கிளை தருகிறது. மிச்சம் குழிக்கு வெளியே வந்து நெற்றி, புருவ நடு, மூக்குத் தண்டின் தோலுக்கு இரத்தம் கொடுக்கிறது. ஆக, மூக்குத் தோலும் விழித்திரையும் ஒரே தண்டில் கிளைத்தவை. மூக்கோரத்தில் ஏறிவரும் முகத் தமனியும் இதே வலைப்பின்னலில் கலக்கிறது.

ஊசி முனை தவறுதலாக அந்தச் சின்னத் தமனிக்குள் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரத்தம் கண்குழியிலிருந்து வெளியே பாய்கிறது. அழுத்தம் சுமார் 120 மி.மீ. பாதரசம். அதை வெல்ல எவ்வளவு பலம் வேண்டும்? சிரிஞ்சின் உள்விட்டம் 6 மி.மீ. என்றால், உராய்வையும் ஊசித் துளையின் தடையையும் ஒதுக்கிவிட்டால், பிஸ்டன் மேல் 50 கிராம் எடை வைத்தாலே போதும். கட்டைவிரல் அதைப்போல் பல மடங்கு அழுத்தும். ஜெல் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டு உள்ளே போகிறது, விழித்திரைக் கிளை பிரியும் இடத்தையும் தாண்டி.

விரலை எடுத்தவுடன்தான் கேடு. பின்னால் காத்திருந்த இரத்த அழுத்தம் ஜெல்லை மீண்டும் முன்னோக்கித் தள்ளுகிறது. இப்போது அது வந்த வழியே மட்டும் திரும்பாது; வழியிலுள்ள விழித்திரைத் தமனிக்குள்ளும் புகுந்து அடைக்கிறது. இன்னும் பின்னால் போயிருந்தால் மூளைக்குப் போகும் தமனியில் கலந்து பக்கவாதமும் வரும். புருவ நடுவிலிருந்து கண்குழியின் ஆழம் வரை அந்தத் தமனியின் கொள்ளளவு சராசரியாக 0.085 மி.லி. ஒரு சிரிஞ்சில் இருப்பது 1 மி.லி.! ஒரே இடத்தில் 0.1 மி.லி.க்கு மேல் விடாதே, மெதுவாக விடு, முனையை நகர்த்திக்கொண்டே இரு என்று சொல்வது இதனால்தான். கூர் ஊசிக்குப் பதில் முனை மழுங்கிய, 25 கேஜ் அல்லது அதைவிடத் தடித்த கேனுலா என்ற குழாயைப் பயன்படுத்தினால், அது தமனிச் சுவரைத் துளைக்கும் வாய்ப்பு குறைவு. அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

பிஸ்டனைப் பின்னிழுத்து, "இரத்தம் வரவில்லை, பயமில்லை" என்பது இந்தத் தொழிலின் மூடநம்பிக்கை என்பேன். மெல்லிய ஊசியில் ஜெல் அடைத்திருக்கும்போது தமனிக்குள் இருந்தாலும் இரத்தம் ஏறாமல் போகலாம். இரத்தம் வந்தால் நிறுத்தலாம்; வராததற்கு அர்த்தம் எதுவும் இல்லை.

ஜெல் தோலின் பக்கம் போய் அடைத்தால் அந்த இடம் வெளுக்கும், பிறகு வலை போல் நீலம் பாயும். அழுத்தி விட்டால் நிறம் திரும்ப இரண்டு, மூன்று நொடிக்கு மேல் ஆகும். ஜெல்லோடு லிடோகெயின் என்ற மரப்பு மருந்து கலந்திருப்பதால் வலி தெரியாமலும் போகலாம். ஓரிரு நாளில் வரும் சீழ்க்கொப்புளங்களைக் கிருமித் தொற்று என்று நினைத்து நேரத்தை வீணாக்குகிறார்கள். ஹயலூரோனிடேஸ் என்ற நொதியை நூற்றுக்கணக்கான அலகுகளில், தேவைப்பட்டால் மணிக்கொருமுறை செலுத்தினால் ஜெல் கரையும், தோல் பிழைக்கும்.

கண்ணில் அவ்வளவு சுலபமில்லை. இரத்தமின்றி விழித்திரை தாங்குவது அதிகபட்சம் ஒன்றரை மணி நேரம். முழு அடைப்பில் அதுவும் கிடைக்காது. கண்ணுக்குப் பின்னால் நொதியைச் செலுத்தியும் நம்பத்தக்க பலன் கிடைத்ததில்லை. புதுப்புது ஃபில்லர்களுக்குப் போகும் ஆய்வுப் பணத்தில் ஒரு பங்காவது இங்கே வர வேண்டும். கொழுப்பு, சிலிக்கோன், கால்சியம் கலந்த ஃபில்லர் என்றால் கரைக்கும் நொதியே கிடையாது.

ஊசி போடும்போதோ உடனடியாகவோ பார்வை மறைவு, கண்ணில் வலி, இரட்டைக் காட்சி, வாந்தி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. ஊசிக்கு முன்பே மருந்தின் பெயரைக் கேட்டு, ஹயலூரோனிடேஸ் அதே அறையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தேனீ, குளவி கொட்டினால் கடும் ஒவ்வாமை வரும் உடம்பு என்றால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவற்றின் நஞ்சிலும் ஹயலூரோனிடேஸ் இருக்கிறது, கரைக்கும் நொதிக்கும் அதே ஒவ்வாமை வரக்கூடும்.