பிளையோமெட்ரிக்ஸ்: ‘மிகை அளவு’ அல்ல, சுண்டுதாவல்

தரையில் இறங்கிய உடனே துள்ளி எழும்பும் குதிப்புப் பயிற்சிதான் பிளையோமெட்ரிக்ஸ். அதை ‘மிகை அளவுப் பயிற்சி’ என்று எழுதும் வழக்கம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் மைதானங்கள் வரை வந்துவிட்டது. இது தவறு. காலுக்கும் கேடு.

‘பிளையோன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘கூடுதல்’ என்று பொருள், ‘மெட்ரிக்’ அளவு. அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஃபிரெட் வில்ட் 1975-இல் இட்ட பெயர். அதற்கு முன்பே சோவியத்தில் பயிற்சி வல்லுநர் யூரி வெர்கோஷான்ஸ்கி இதை ‘அதிர்ச்சி முறை’ என்றார். வேரை அப்படியே பெயர்த்தால் என்ன ஆகும்? ‘மிகை அளவு’ என்று கேட்ட பிள்ளை எண்ணிக்கையைத்தான் கூட்டும். தொடக்க நிலையில் ஒரு நாளைக்கு 80 முதல் 100 முறை பாதம் தரை தொட்டால் போதும்; அடுத்த பயிற்சிக்கு 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வேனிலில் இறுகிய மண்ணில் 200, 300 என்று குதித்தால் கணைக்கால் எலும்புதான் வலிக்கும்.

‘வெடிதிறன் குதிப்பு’ என்பாரும் உண்டு. அது எழும்புவதை மட்டும் சொல்கிறது, இறங்குவதை மறைக்கிறது. பெண்களுக்கு ஆபத்தே இறக்கத்தில்தான். கால்பந்திலும் கூடைப்பந்திலும் முழங்காலின் முன் குறுக்கு நார் (ஏ.சி.எல்.) கிழிவது ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாய்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள், காலைப் பார்ப்பதில்லை.

நான் சொல்வது ‘சுண்டுதாவல்’. கேரம் காயைச் சுண்டும்போது கட்டைவிரலில் மடங்கி முறுக்கேறிய விரல் விடுபட்டுப் பாய்கிறது. தசையும் அப்படித்தான்: இறங்கும்போது நீள்கிறது, உடனே சுருங்கி எழுப்புகிறது. வேறுபாடு ஒன்றுண்டு. விரலைக் காக்க வைக்கலாம், காலைக் காக்க வைக்க முடியாது. வேகத் தாவலில் தரைத் தொடுகை கால் நொடியைத் தாண்டினால் சேர்ந்த ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். குழம்பு சுண்டுவதைப் போலத் தசையும் சுருங்குவதால் சொல் இருமுறை பொருந்துகிறது. இதே முறையில் கையால் செய்யும் பயிற்சிக்குச் ‘சுண்டுபயிற்சி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

மலையாளத்தில் ‘சுண்டு’ உதடாயிற்றே என்பார்கள். கூடப் பயிலும் மலையாளப் பிள்ளைகளுக்கு விரலால் ஒருமுறை சுண்டிக் காட்டினால் போதும்.

முதல் சில வாரம் எழும்பவே வேண்டாம். 30 செ.மீ. பெட்டியிலிருந்து குதிக்காமல் அடியெடுத்து இறங்கி அப்படியே நிற்கட்டும். முன்பாதம் முதலில் படவேண்டும், இடுப்பு பின்வாங்க வேண்டும், முழங்கால் கால்விரலுக்கு நேரே நிற்க வேண்டும். ‘தொப்’பென்று சத்தம் கேட்டால் பெட்டியைத் தாழ்த்துங்கள்.