தேக்கு வாங்கும்போது வைரத்தைப் பாருங்கள்

ஒரு கதவு நிலையைப் பழுது பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வைத்து ஐந்து வருடம்தான் ஆகிறதாம். "தேக்கு என்று நம்பித்தானே வாங்கினோம், இதில் போய் கரையான் எப்படி?" என்று அந்த அம்மா ஆற்றாமையோடு கேட்டார். நிலைக்காலின் ஓரத்தில் உளியை வைத்து லேசாகத் தட்டினேன். பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. மேலே பாலிஷ் மட்டும் ஓடு போல நின்றிருந்தது, உள்ளே வெறும் மண். இரண்டு விரல் அகலத்துக்கு அப்படி. அதைத் தாண்டியதும் உளி இறங்கவே இல்லை. பாலிஷைச் சுரண்டிப் பார்த்தால் கோடு கிழித்த மாதிரி இருந்தது. கரையான் தின்றது அத்தனையும் வெள்ளை, அதாவது மரத்தின் வெளிப்பக்கத்து வெளிர் பகுதி. தொடாமல் விட்டது வைரம், நடுவில் முதிர்ந்த அடர்நிறப் பகுதி. இரண்டும் ஒரே மரம், ஒரே பலகை.

விற்றவர் பொய் சொல்லவில்லை, அது தேக்குதான். ஆனால் நாம் தேக்கிடம் எதிர்பார்க்கும் குணங்கள் எல்லாம் அதன் வைரத்தில் இருக்கின்றன. வெளிப்பக்கத்து வெள்ளை, உயிரோடு இருக்கும் மரம் தண்ணீரை மேலே ஏற்றும் பகுதி. மாவுச்சத்தும் அதில் இருக்கும். பூச்சிக்கு அது சாப்பாடு. அந்தப் பகுதி வயதாகி வைரமாக மாறும்போதுதான் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் அதில் சேருகின்றன. கரையானுக்கு ஆகாதது இதுதான். கூடவே ரப்பர் போன்ற ஒரு பிசுக்கும் சேர்ந்து தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கிறது. நல்ல வைரத்தை இழைத்ததும் தடவிப் பாருங்கள், மெழுகு பூசினாற்போல் வழுவழுப்பாக இருக்கும். பதப்படுத்திய தோலின் வாசனை அடிக்கும்.

என்னைக் கேட்டால், தேக்கின் பெரிய பலம் கரையான் எதிர்ப்பைவிட அதன் அடக்கம்தான். பச்சை மரம் முழுதாகக் காயும்போது, வளையங்களின் போக்கில் சுமார் 5 சதவீதமும் அதற்குக் குறுக்கே சுமார் 2.5 சதவீதமும்தான் சுருங்குகிறது. பல கடின மரங்கள் இதைவிட நன்றாகவே சுருங்கும். அதனால்தான் மழைக்காலத்தில் தேக்குக் கதவு அவ்வளவாக இறுகிக்கொள்வதில்லை. எடையும் அதிகமில்லை, காய்ந்த மரம் கன மீட்டருக்கு 650 கிலோ அளவில் இருக்கும். ஆணி, போல்ட் போன்ற இரும்பையும் ஓக் மரம் போல அரித்துவிடாது. கப்பல் கட்டியவர்கள் இதைத் தேடி அலைந்ததற்கு இவையெல்லாம் காரணம். 1817-ல் பம்பாயில் தேக்கில் கட்டிய எச்எம்எஸ் ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது.

சரி, இன்று சந்தைக்கு வரும் மரம் அப்படிப்பட்டதா? பெரும்பாலும் தோட்டத்தில் வளர்த்து, இருபது இருபத்தைந்து வருடத்தில், சில சமயம் அதற்கும் முன்பே வெட்டியது. இளம் மரத்தில் வெள்ளையின் பங்கு அதிகம். வைரமும் முதிர்ந்த மரத்தில் இருப்பதுபோல் உறுதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐரோப்பியத் தரநிலையே காட்டுத் தேக்கின் வைரத்தை, அழுகாமல் நீடித்து உழைப்பதில் முதல் வகுப்பில் வைத்துவிட்டு, பயிரிட்ட தேக்குக்கு 1 முதல் 3 வரை என்று இடம் விட்டிருக்கிறது. தோட்டத் தேக்கு மட்டம் என்று நான் சொல்லவில்லை. பலகை பலகையாகப் பார்த்து வாங்க வேண்டிய மரம் அது. 'ஆப்பிரிக்கத் தேக்கு', 'பிரேசில் தேக்கு' என்று விற்பவற்றில் பல வேறு இனங்கள். அவை கெட்ட மரங்கள் அல்ல, ஆனால் தேக்கும் அல்ல.

பார்ப்பது எளிது. பாலிஷ் போடாத மரமாகவே கேளுங்கள். வெள்ளைக்குச் சாயம் பூசிவிட்டால் எனக்கே சட்டென்று தெரியாது. அறுத்த முனையை ஈரத்துணியால் துடைத்தால் வைரத்துக்கும் வெள்ளைக்கும் நடுவே எல்லை பளிச்சென்று தெரியும். புதிதாக இழைத்த வைரத்தில் பச்சையாகவும் கருப்பாகவும் திட்டுகள் இருந்தால் பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் சில நாளில் பொன்னிறத்துக்கு வந்துவிடும். அப்புறம் ஈரப்பதம். கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் போகும் மரம் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. காயாத தேக்கும் முறுக்கத்தான் செய்யும்.

அந்த நிலைக்கு வருகிறேன். கரையானுக்கு மருந்து அடித்த பிறகு, வெள்ளையை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு வைரத் துண்டை வைத்து ஒட்டினேன். தேக்கில் பிசுக்கு இருப்பதால் பசை லேசில் பிடிக்காது. ஒட்டும் முகத்தை அப்போதே இழைத்து, அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் பசை போட வேண்டும். வாசல் கதவைத் திறந்து வைத்து, முகமூடி போட்டுக்கொண்டுதான் உப்புத்தாள் தேய்த்தேன். தேக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூச்சுத் தொந்தரவையும் கொண்டுவரும். அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளை உள்ளே அனுப்பச் சொன்னேன். வேலை முடிந்து பாலிஷ் போடும் முன், புதுத் துண்டின் முனையை ஈரத்துணியால் துடைத்து அந்த அம்மாவிடம் காட்டினேன். குனிந்து ஓரத்திலிருந்து ஓரம்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதில் வெள்ளையே இல்லையே" என்றார்.